சந்திரதால் ஏரியை நெருங்கும் சாலை: கரையைக் காக்கும் விதிகள் போதுமா?

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில் சுமார் 14,000 அடி உயரத்தில் அமைந்துள்ள சந்திரதால் ஏரிக்கு, ஆண்டில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் மட்டுமே சாலை வழியே செல்ல முடியும். ஜூன் மாதத்தில் குன்சும் கணவாயின் பனி அகற்றப்பட்ட பின் தொடங்கும் வருகை, அக்டோபரில் அடுத்த பனி விழும்போது முடிந்துவிடும். பிறை வடிவம் கொண்ட இந்தச் சிறிய ஏரியின் பரப்பு 49 ஹெக்டேர் மட்டுமே. 2005ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இந்த ஈரநிலம், வனவிலங்குச் சரணாலயமாகவும் பாதுகாக்கப்படுகிறது.

ஏரியை இதுவரை காத்ததில் சட்டத்துக்கு இருந்த பங்கைவிட, ரோதாங் கணவாய்க்கும் கரடுமுரடான பாதைக்கும் இருந்த பங்கே பெரிது எனலாம். அந்த இயற்கை அரண் இப்போது தளர்ந்துவிட்டது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை மணாலியையும் லாஹௌல் பள்ளத்தாக்கையும் ஆண்டு முழுவதும் இணைக்கிறது. கிராம்பூவிலிருந்து காசா செல்லும் தேசிய நெடுஞ்சாலை 505 சீரடையச் சீரடைய, ஏரிக்கான பயணம் மலையேற்றக்காரர்களின் பல நாள் நடையிலிருந்து மணாலியில் தங்குவோரின் ஒரு நாள் உலாவாக மாறி வருகிறது.

இந்த வேகத்தில் முதலில் பாதிக்கப்படுவது பயணியின் உடல். மணாலி சுமார் 6,700 அடி உயரத்தில் உள்ளது. காலையில் அங்கிருந்து புறப்படுபவர் மாலையில் அதைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்ட உயரத்தில் படுத்துறங்குகிறார். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் அடிப்படைப் பரிந்துரை. வாகனத்தில் செல்பவர்களுக்கு இதை நினைவூட்டும் ஏற்பாடு பெரும்பாலும் இல்லை.

2023 ஜூலையில் இந்த ஆபத்தின் இன்னொரு முகம் வெளிப்பட்டது. வட இந்தியாவில் பெருமழை பெய்த அந்த நாட்களில், சந்திரதால் முகாம்களில் 250க்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் பனியில் சிக்கிக்கொண்டனர். உடல்நலம் குன்றிய சிலர் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர். எஞ்சியோரை அழைத்துவர, மாநில வருவாய்த் துறை அமைச்சரே மீட்புக் குழுவினருடன் பனியை அகற்றிக்கொண்டு செல்ல நேர்ந்தது. மீட்பு வெற்றி பெற்றது. ஆனால் எத்தனை பேரை ஒரே இரவில் அங்கே தங்க விடலாம் என்ற கேள்வி, அந்த வெற்றிச் செய்திகளுக்கிடையே பின்தங்கிப் போனது.

நடைமுறையில் உள்ள கட்டுப்பாடுகளைக் குறைத்து மதிப்பிடுவதும் சரியன்று. ஒரு காலத்தில் கரையிலேயே வரிசையாக நின்ற கூடாரங்கள் இப்போது சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவுக்கு மாற்றப்பட்டுள்ளன. வாகனங்கள் முன்னதாகவே நிறுத்தப்பட்டு, கடைசித் தூரத்தை நடந்தே கடக்க வேண்டியுள்ளது. 2022ஆம் ஆண்டு லடாக்கின் பாங்காங் ஏரி நீரில் ஒருவர் சொகுசுக் காரை ஓட்டிய காணொளி நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது. அத்தகைய காட்சிக்குச் சந்திரதாலில் இடமில்லாமல் போனதற்கு அந்தச் சிறிய நடைதூரமே காரணம்.

எனினும், கூடாரங்களை நகர்த்தியதால் கழிவு மறைந்துவிடவில்லை. முகாம்கள் இருப்பதும் சந்திரா நதியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில்தான். ஏரியின் நீரும் அந்த நதியிலேயே கலக்கிறது. தாண்டியில் பாகா நதியுடன் இணைந்து செனாப் ஆகும் நீர் இதுவே. கடுங்குளிரில் நுண்ணுயிர்களின் செயல்பாடு மந்தமாவதால், சமவெளியில் சில மாதங்களில் மட்கும் கழிவு இங்கே பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

சட்டத்தின் நிலையும் இரு பொருள் படுவதாகவே உள்ளது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் முன் அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் வணிக விடுதிகள் கட்டுவதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வழங்கத்தக்க காரணங்களில் ஒன்றாகச் சுற்றுலாவையும் அதே சட்டம் ஏற்கிறது. சுவர் எழுப்பாமல், எல்லைக்கு வெளியே சில மாதங்களுக்கு மட்டும் நிற்கும் கூடாரம் இவ்விரண்டுக்கும் நடுவே விழுகிறது. கட்டடம் எது என்பதைச் சொல்லும் விதிகள் இருக்கின்றன. ஓர் ஏரி எத்தனை பேரைத் தாங்கும் என்பதைச் சொல்லும் விதியே தேவைப்படுகிறது.

எண்ணிக்கைக்கு வரம்பு விதிப்பதில் உள்ள சிக்கல், அந்த வரம்பு யார் தலையில் விழும் என்பதுதான். முகாம் நடத்தும் ஸ்பிதி, லாஹௌல் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தச் சில மாத வருமானமே ஆண்டு முழுமைக்குமானது. கோடையில் ஆட்டு மந்தைகளுடன் இந்தப் புல்வெளிகளுக்கு வரும் கத்தி இன மேய்ப்பர்களின் உரிமை, சுற்றுலாவை விடப் பல தலைமுறை மூத்தது. கட்டணத்தை மட்டும் உயர்த்தினால் வசதி படைத்தோர் தொடர்ந்து வருவர். நடந்து வரும் மாணவர் விலகிப்போவார்.

சிக்கிமின் லாச்சென் கிராமம் இதில் வேறு வழியைக் காட்டியது. குருதோங்மார் ஏரிக்குச் செல்வோர் தங்கும் அந்த ஊரில், புட்டிக் குடிநீருக்குத் தடை விதித்தது 'சும்சா' எனப்படும் பாரம்பரிய ஊராட்சி மன்றம். விதியை வகுத்தவர்களே விடுதி நடத்துபவர்களாகவும் இருந்ததால், அதை மீறுவது அண்டை வீட்டாரைப் பகைப்பதாகும். சந்திரதாலிலோ முடிவுகள் வனத்துறை, மாவட்ட நிர்வாகம், சாலை அமைப்பு எனப் பிரிந்து கிடக்கின்றன. சாலையை அகலப்படுத்தும் அமைப்பு, அதன் மறுமுனையில் எத்தனை வாகனங்களுக்கு இடமுண்டு என்று கேட்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அக்டோபரில் கூடாரங்கள் சுருட்டப்பட்டு லாரிகளில் ஏறும். கழிப்பறைக் குழிகளை மண்ணும் பின்னர் பனியும் மூடும். ஜூனில் பனி உருகும்போது, அவ்வழியே வழியும் நீர் சந்திராவை நோக்கியே இறங்கும்.