கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர்

2021 மே 22, சீனாவின் கான்சு மாகாணம். 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் 172 பேர் கிளம்பினார்கள். ஆலங்கட்டி மழையோடு குளிர்காற்று அடித்ததில் 21 பேர் இறந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேல்சட்டை கட்டாயப் பட்டியலிலேயே இல்லை. ஆடு மேய்ப்பவர் ஒருவர் ஆறு பேரைக் குகையில் சேர்த்து, நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார்.

ஏற்காட்டு மலைப்பாதைகளில் ஓட்டக் குழுவை அழைத்துப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அனுபவசாலி ஒருவர் கடைசி ஆளுக்கும் பின்னால்தான் ஓட வேண்டும். கையில் பெயர்ப் பட்டியல், கழுத்தில் விசில், பையில் கிரேப் பேண்டேஜ். பாதை பிரியும் இடமெல்லாம் நின்று தலை எண்ண வேண்டும். ஈரப் பாறையில் கணுக்கால் பிசகினால் கூப்பிட செல்போன் சிக்னல் இருக்காது. மேகம் இறங்கினால் திரும்பிவிடுவோம். சிலர் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். காசு வாங்கிக் கூட்டிப்போகும் குழுக்களுக்கு இதையெல்லாம் வனத்துறை நிபந்தனையாகவே விதிக்க வேண்டும்.