வீக்கத்தை அடக்கினால் போதுமா?

இந்தக் கிழமை எபிசோடில் எலும்புக்குள் வைக்கிற இம்ப்ளான்ட்டுகளைப் பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் விட்ட என்ர சொந்தக் கருத்தை இங்க எழுதுறன்.

கதை தொடங்கினது எங்களுக்குப் பக்கத்திலதான். கோப்பன்ஹேகனில இருந்து பாலம் தாண்டினால் லுண்ட், ரெயினில் ஒரு மணித்தியாலமும் இல்லை. 1952இல் அங்க பேர்-இங்வார் பிரானமார்க் முயலின் எலும்புக்குள் வைச்ச டைட்டேனியக் கருவியைத் திரும்பக் கழற்ற முடியேல்லை. எலும்பு அதோட ஒட்டிப்போச்சு. டைட்டேனியத்தை உடம்பு கண்டுகொள்ளுறதில்லை எண்டுதான் கனகாலம் நம்பினவை. அவரோட வேலை செய்த தோமஸ் அல்பிரெக்ட்சன் 2014 அளவில் வேற மாதிரிச் சொன்னார்: உடம்புக்கு அது அந்நியப் பொருள் எண்டு நல்லாத் தெரியும், அதனாலதான் சுத்திவர எலும்பால மதில் கட்டுது. எனக்கு இந்த விளக்கம்தான் சரியாப் படுது.

மதில் கட்டுறதா இல்லையா எண்டதில மாக்ரோஃபேஜ் எண்ட வெள்ளை அணுக்களுக்குப் பெரிய பங்கு இருக்கு. முதல் நாட்களில் அவை வீக்கத்தை உண்டாக்கி, குப்பை அள்ளி, புது இரத்தக் குழாய்களைக் கூப்பிடும். பிறகு குணம் மாறி, கட்டுற வேலைக்கு உதவும். முதல் கட்டம் இழுபட்டால் எலும்புக்குப் பதிலா நார்த்தசை வளரும், இம்ப்ளான்ட் ஆடும். அப்ப அந்த மாற்றத்தை நாங்களே நேரம் பார்த்துச் செய்யலாமே? அமெரிக்காவில் காரா ஸ்பில்லரின் குழு 2015இல் அதைத்தான் முயன்றது. எலும்புச் சட்டகத்தில இருந்து முதலில் இன்டர்ஃபெரோன்-காமாவும் பிறகு இன்டர்லூக்கின்-4உம் கசியுற மாதிரி வைச்சவை. ஆனா இரண்டும் ஒரே நேரத்தில கலந்து, ஒண்டை ஒண்டு குழப்பிப்போட்டுது. மருந்து சரி, நேரம் பிழை.

டென்மார்க்கிலயும் இந்த வீக்கத்தில கை வைக்கினம், வேற நோக்கத்தில. முழங்கால் மாற்றின 485 பேருக்கு ஐந்து ஆஸ்பத்திரிகளில் டெக்சாமெதசோன் குடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. இரண்டு டோஸ் எடுத்தவைக்கு முதல் 48 மணித்தியாலத்தில் மோர்ஃபின் குறைவாத்தான் தேவைப்பட்டது. நல்ல விசயம். ஆனா 48 மணித்தியாலம் நோவைப் பற்றின கணக்கு. எலும்பு பிடிக்கிற கணக்கு மாதங்கள், வருசங்கள்.

என்ர கவலை எங்கட அம்மா அப்பாமார். எண்பதுகளில் வந்து, ஃபக்டரியிலும் கிளீனிங்கிலும் முழங்காலைத் தேய்ச்ச ஆக்கள் இப்ப மூட்டு மாத்துற வயசில நிக்கினம். கனபேருக்குச் சீனி வருத்தம். தெற்காசியருக்கு அது வெள்ளைக்காரரை விட இளவயசிலயே வரும். சீனி கூடின உடம்பில மாக்ரோஃபேஜ்கள் முதல் கட்டத்திலயே மாட்டிக்கொண்டு நிக்கும், அதனாலதான் அவையின்ர காயம் ஆறப் பிந்துது. இந்தப் புது இம்ப்ளான்ட்டுகளால கூடப் பயன் கிடைக்க வேண்டியது இவைக்குத்தான். ஆனா ஆய்வுகூடத்தில பெரும்பாலும் இளம், ஆரோக்கியமான எலிதான். எலிக்குட்டிக்கு ஆறினது பெரியம்மாவுக்கு ஆறுமோ?

சீனி வருத்தம் உள்ளவையில சோதிக்காமல் இப்படி ஒரு பூச்சைச் சந்தைக்கு விடக்கூடாது எண்டுறன். விட்டால் என்ன நடக்கும் எண்டதுக்கு ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு இருக்கு: உலோகத் துகளுக்கு உடம்பு சண்டை பிடிச்சு, 2010இல் திருப்பி அழைக்கேக்க உலகம் முழுக்க ஏறக்குறைய 93,000 பேருக்கு வைச்சாச்சு. முதலில் மணி அடிச்சது அவுஸ்திரேலியாவின் மூட்டுப் பதிவேடு. டென்மார்க்கிலயும் இடுப்புக்கு 1995இல இருந்து, முழங்காலுக்கு 1997இல இருந்து பதிவேடு இருக்கு. சிபிஆர் நம்பரால அதை மருந்துப் பதிவோட இணைக்கலாம். எந்த மூட்டு சீனி வருத்தக்காரரிட்ட எத்தனை வருசம் தாங்குது எண்டு தனியாப் போடச் சொல்லி நாங்கள் கேக்கவேணும்.

2018இல மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கட்டவேணும் எண்டு வந்தபிறகு டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போறது கனவீட்டில பிள்ளையள்தான். அடுத்தமுறை போகேக்க மூட்டின்ர பெயரை எழுதி வாங்குங்கோ. ஒப்பரேசனுக்கு முதல் எச்பிஏ1சி எவ்வளவு எண்டும், ஆய்வு ஏதும் நடந்தால் அம்மா சேரலாமோ எண்டும் கேளுங்கோ.