சுவரில் தொங்கும் துப்பாக்கி

இலக்கியப் பகுதியிலே துப்பாக்கிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். வேலை உண்டு. துப்பாக்கியை வைத்து எழுத்தாளருக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளுள் மிகவும் புகழ்பெற்றது ருசிய ஆசிரியர் அன்ரன் செக்கோவ் கூறியது. சுடும் எண்ணம் இல்லையாயின் மேடையில் துப்பாக்கியை வைத்தலாகாது என்பது அதன் சாரம். நாடகத்துக்கு அது நல்ல விதி. வீட்டுக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறான விதி: அங்கே உள்ள துப்பாக்கி கூடியவரை வெடியாமலே இருத்தல் வேண்டும். அவ்விதியைக் கற்பிப்பதே பயிற்சியின் முதற் கடமை என்பது எனது துணிபு.

1983 முதல் 2009 வரை போரின் நடுவே வாழ்ந்த நமக்குத் துவக்கின் ஓசை புதிதன்று. ஆயினும் போர்வீரன் தோளில் தொங்குவது வேறு. குடும்பத்தவர் ஒருவர் தற்காப்புக்கென்று தலைமாட்டில் வைத்துக்கொள்வது வேறு. பின்னதன் நன்மை தீமைகளை அறிய விரும்புவோர் அமெரிக்காவையே நோக்கவேண்டும்.

அந்நாட்டில் இத்துறைக்கு ஆசானாக மதிக்கப்பட்டவர்களுள் ஒருவர் ஜெப் கூப்பர். கடற்படைக் காலாட்படையிற் பணியாற்றிய அவர் 1976 இல் அரிசோனா மாநிலத்தில் கைத்துப்பாக்கிப் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவினார். அவர் வகுத்துப் பரப்பிய நான்கு விதிகளே இன்றும் பல இடங்களிற் புதிய மாணவருக்கு முதலிற் சொல்லப்படுகின்றன. எந்தத் துப்பாக்கியையும் ரவை நிரம்பியதாகவே கருது. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல்வாயைத் திருப்பாதே. குறி பார்த்து முடியும்வரை விரலை விசையில் வைக்காதே. இலக்கு எது, அதற்கப்பால் இருப்பது எது என்று தெளிந்துகொள்.

இவற்றுள் எதுவும் வீண்வார்த்தையன்று. ரவைக்கூட்டைக் கழற்றிய பின்னும் கைத்துப்பாக்கியின் அறையினுள்ளே ஒரு ரவை எஞ்சியிருக்கக்கூடும். வெறுமை என்று நம்பிய துப்பாக்கி உயிர்குடித்த கதைகள் பல. மனிதன் திடுக்கிடும்போது கை தானாகவே இறுகும். விரல் விசையின்மேல் இருப்பின் அந்த இறுக்கமே வெடியாகும். குறி தவறிய சன்னம் மெல்லிய சுவரைத் துளைத்து அடுத்த அறையில் உறங்கும் குழந்தையைச் சென்றடையலாம்.

நான்கு விதிகளையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். அவற்றுள் ஒன்றேனும் சுடு என்று சொல்லவில்லை. நான்கும் பொறு என்றே சொல்லுகின்றன. யப்பானிலே ஜிகோரோ கானோ 1882 இல் நிறுவிய யூடோப் பள்ளியின் வழிவந்த ஆசிரியர்களும் புதியவனுக்கு எதிரியை வீழ்த்தும் வித்தையை முதலிற் கற்பிப்பதில்லை. காயமின்றி விழுவதையே பழக்குகின்றனர். கையாலானாலும் கருவியாலானாலும் தற்காப்புக் கல்வி அடக்கத்திலேயே தொடங்குகின்றது.

ஆனால் இன்று அமெரிக்க மாநிலங்களுட் பாதிக்கு மேற்பட்டவற்றில், சட்டம் விலக்காத வயதுவந்தோர் மறைத்த கைத்துப்பாக்கியுடன் வெளியே நடமாட அனுமதிப்பத்திரமே வேண்டியதில்லை. அனுமதிப்பத்திரம் நீங்கவே, அதைப் பெறுவதற்குப் பல இடங்களில் விதிக்கப்பட்டிருந்த பயிற்சியும் நீங்கிற்று. கருவி முன்னே வருகின்றது. கல்வி பின்னே வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்.

இதற்கு ஆதரவாகக் கூறப்படும் நியாயத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். பயமுறுத்தப்பட்டுத் தனித்து வாழும் ஒரு பெண், பயிற்சி முடிந்து பத்திரம் கைக்கு வரும்வரை ஆபத்தைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? கட்டணம் செலுத்த இயலாத ஏழைக்குத் தற்காப்புரிமை இல்லையா? இவை நேர்மையான கேள்விகள். ஆயின் அவற்றுக்கு விடை பயிற்சியைக் கைவிடுவதன்று. அதனை விரைவாகவும் இலவசமாகவும் அளிப்பதே. எப்போது சுடலாம் என்பதை அறியாதவர் கையிற் கருவியைத் தருவது அவருக்குச் செய்யும் உதவியாகாது. உயிருக்கோ உடலுக்கோ உடனடியான பேராபத்து என்று நியாயமாக அஞ்சும் நிலையிலேயே பொதுவாகச் சட்டம் உயிர்கொல்லும் தற்காப்பை ஏற்கின்றது. ஓடுகின்ற கள்வனைச் சுட்டவர் காவலராகக் கருதப்படாமற் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம்.

பயிற்சிக்கூடங்கள் இன்னும் அழுத்திச் சொல்லவேண்டிய பாடம் வேறொன்று உளது. 2021 இல் அமெரிக்காவிற் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர், அஃதாவது பாதிக்கு மேற்பட்டோர், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள். வெளியே இருந்து வரும் பகைவனுக்கென்று வாங்கிய கருவி உள்ளே இருக்கும் துயரத்துக்கு இரையாகின்றது. செக்கோவ் இதனை அறிந்திருந்தார் போலும். 1896 இல் மேடையேறிய அவரது ‘கடற்பறவை’ நாடகத்திலே துப்பாக்கியோடு வரும் இளைஞன் திரெப்லெவ் இறுதியில் தன்னையே சுட்டுக்கொள்கின்றான்.

அத்தகைய துயரவேளை பெரும்பாலும் கடந்து செல்வது. கடக்கும்வரை கைக்கெட்டாத தூரத்தில் கருவி இருந்தால் உயிர் தப்பும். ஆகவே பூட்டிய பெட்டி, வேறிடத்திற் பூட்டிய ரவைகள், வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருக்கும் நாள்களிற் கருவியை வீட்டுக்கு வெளியே பத்திரப்படுத்தல் ஆகியவை குறிபார்த்தலுக்கு முன்னரே கற்பிக்கப்படவேண்டும்.

புதிய மாணவனிடம் ஆசான் கேட்கவேண்டிய முதற் கேள்வி, யாரிடமிருந்து உன்னைக் காத்துக்கொள்ளப் போகின்றாய் என்பதன்று. உன் வீட்டில் உன்னைத் தவிர வேறு யாருடைய கைக்கு இது எட்டும் என்பதே. அதற்குத் தெளிந்த விடை கூற இயலாதவர் அன்றைய தினம் துப்பாக்கியைத் தொடாமலே வீடு திரும்புவது நன்று.