கண்ணில் குங்குமம்!

ஸ்ரீமுஷ்ணத்துச் சாமி கிள்ளைக்கு வந்து மாசி மகத்தில் கடலாடி முடிந்த பிறகு, அவ்வூரில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் நாம் பேசினோம். பேசி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "கடவுள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகையால் இல்லை என்கிறீரே, ஐயா! அணுக்கதிர் மாத்திரம் உம்முடைய கண்ணுக்குத் தெரிகிறதா? அதை எப்படி நம்புகிறீர்?" என்று கேட்டார். நல்ல கைதட்டல். முன்பெல்லாம் காற்று தெரிகிறதா, மின்சாரம் தெரிகிறதா என்பார்கள். இப்பொழுது அணுக்கதிருக்கு வந்திருக்கிறார்கள். முன்னேற்றந்தான்!

கேள்வியை நாம் கேலி செய்யவில்லை. அது நியாயமான கேள்வி. நேரமாகிவிட்டதால் அன்று சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறோம்.

அணுக்கதிரைப் பார்க்க முடியாது, முகர முடியாது, மேலே பட்டாலும் தெரியாது. இதெல்லாம் மெய்தான். 1896-ல் பெக்கரல் என்னும் பிரெஞ்சுக்காரர், கறுப்புக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்த போட்டோத் தகடு யுரேனிய உப்பின் பக்கத்தில் கிடந்ததனால் கறுத்துப் போயிருக்கக் கண்டார். அவர் அதற்குக் கோயில் கட்டவில்லை, உண்டியலும் வைக்கவில்லை. ஏன் கறுத்தது என்று கேட்டார். 1908-ல் மான்செஸ்டரில் ரூதர்போர்டும் கெய்கரும் அக்கதிர்த் துகள்களை ஒவ்வொன்றாய் எண்ண ஒரு கருவி செய்தார்கள். 1928-ல் ஜெர்மனியில் கீல் நகரத்தில் கெய்கரும் அவருடைய மாணவர் மியூல்லரும் அதைத் திருத்தி அமைத்தார்கள். இன்று கல்லூரிகளின் பௌதிகச் சாலைகளில் இருக்கும் கெய்கர் எண்ணி அதுதான்.

அதில் மாய மந்திரம் ஒன்றுமில்லை. ஓர் உலோகக் குழாய், நடுவே ஒரு மெல்லிய கம்பி, உள்ளே கொஞ்சம் வாயு, கம்பிக்கும் குழாய்க்கும் இடையே சில நூறு வோல்ட் மின்சாரம். கதிர் உள்ளே நுழைந்து வாயுவின் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டி விடும். அது கம்பியை நோக்கி ஓடும் வழியில் இன்னும் பலவற்றைத் தட்டி விடும். திருவிழா நெரிசலில் ஒருவன் இடறி விழுந்தால் அவன்மேல் பத்துப் பேர், அந்தப் பத்துப் பேர்மேல் நூறு பேர் விழுவதில்லையா, அப்படி. அந்த மின்துடிப்புத்தான் 'டிக்' என்று கேட்கிறது.

பெரியவரே, வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பூணூல் போட்டவன் பிடித்தாலும், வலை இழுப்பவன் பிடித்தாலும் கருவி ஒரே கணக்கைத்தான் சொல்லும். விரதம் இருந்தவனுக்கு ஒரு 'டிக்' கூடாது. கருவாடு தின்றவனுக்கு ஒரு 'டிக்' குறையாது. தூரத்தை இரண்டு மடங்காக்கினால் எண்ணிக்கை நாலில் ஒன்றாகும். எந்த மாணவனும் தானே அளந்து பார்க்கலாம். கதிர்ப்பொருளை அப்புறப்படுத்தினாலும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் கதிரால் சில 'டிக்'குகள் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தனியே எண்ணிக் கழித்துவிட வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் தோரியம் கலந்திருப்பதால் அங்கே கூடுதலாகக் கேட்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதிர் மட்டுமீறிப் பாய்கிற இடத்தில் சில எண்ணிகள் திணறிப்போய்ச் சும்மா இருந்துவிடும், சூனியம் என்றுகூடக் காட்டிவிடும். இந்தக் குறையை மறைக்காமல் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். தன் குறையைத் தானே சொல்லும் புராணம் ஒன்று இருந்தால் காட்டுங்கள், நாமும் படிக்கிறோம்.

பெரியவர்மீது நமக்குக் கோபமில்லை. அவர் கேட்டாவது கேட்டார். நம் கோபமெல்லாம் படித்த கூட்டத்தின்மீதுதான். வேறொரு ஜில்லாவில் ஒரு கல்லூரிக்கு, சரஸ்வதி பூஜை கழிந்த வாரத்தில் நண்பர் ஒருவருடன் போயிருந்தோம். தராசுக்குச் சந்தனம், நுண்ணாடிக்குப் பூ! எண்ணிக் குழாயின் முனையில் மெல்லிய அப்பிரகத் தகட்டால் ஆன ஜன்னல் ஒன்று உண்டு. ஆல்பாக் கதிர் ஒரு தாள் காகிதத்தைக்கூடத் தாண்டாது என்பதனால்தான் அந்த ஜன்னலை அவ்வளவு மெல்லியதாக வைத்திருக்கிறார்கள். அந்த ஜன்னல்மேல் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம்! காவலாளியின் கண்ணை மெழுகி மூடிவிட்டு, "நன்றாகக் காவல் காப்பாய்" என்று கும்பிடுகிறான் பட்டம் பெற்றவன். இதைச் செய்தவர் ஆல்பாக் கதிரைப் பாடம் நடத்துகிற ஆசிரியர் என்பதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஏன் வரவில்லையென்றால், 2010-ல் டில்லியில் நடந்ததை நாம் மறக்கவில்லை. டில்லி சர்வகலாசாலையின் ரசாயனப் பகுதியார், கோபால்ட்-60 அடங்கிய ஒரு கதிர்வீச்சுப் பெட்டியை 1970-ஐ ஒட்டிக் கனடாவிலிருந்து தருவித்தார்கள். 1985-க்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு சேர்த்து ஏலத்தில் விற்றுவிட்டார்கள். மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் தொழிலாளிகள் காரீயத்துக்காக அதை உடைத்தார்கள். உள்ளே இருந்ததன் ஒரு துண்டை ஒருவர் பணப்பையிலேயே வைத்திருந்தார். தோல் கறுத்தது, மயிர் உதிர்ந்தது, வாந்தி எடுத்தார்கள். ஏப்ரலில் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் சங்கதி வெளியாயிற்று. பலர் படுக்கையில் விழுந்தனர். ஒரு தொழிலாளி செத்தார். கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டுக்கு ஒரு தரம் பாதியாகத் தேய்வது. நாற்பது ஆண்டில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சியிராது. அந்த மிச்சமே ஆளைக் கொன்றது!

ஏலம் போடும் முன் ஒரு எண்ணியை எடுத்துப் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அளக்கவும், ஏட்டைப் புரட்டிப் பார்க்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பிறகு காரணம் கேட்டது. தலையெழுத்து என்றும் கிரகக் கோளாறு என்றும் சொல்லுவார் உண்டு. படித்தவனின் சோம்பல் எப்படி ஐயா கூலிக்காரன் தலையில் எழுத்தாகும்?

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. பயன்படாத கதிர்ப்பொருள் கொடுத்தவரிடமே, அல்லது அதற்கென்றுள்ள அரசாங்க இடத்துக்கே போக வேண்டும். எந்தச் சர்வகலாசாலையிலிருந்தும் எண்ணி வைத்து அளக்காத இரும்பு ஒரு வண்டியும் வெளியேறக் கூடாது. பூஜைக்கு ஒதுக்குகிற நாளைக் கருவிகளைச் சோதிக்க ஒதுக்கட்டும். இப்பெட்டிகளில் போடும் மூன்று இதழ்க் குறி பாமரருக்கு விளங்கவில்லை என்று கண்டு, 2007-ல் சர்வதேச அணுசக்தி முகமை மண்டையோடும் ஓடும் மனிதனும் உள்ள சிவப்புக் குறியைச் சேர்த்தது. இரும்புக் கடைக்காரருக்கு அதை யார் காட்டினார்கள்?

அன்று கூட்டம் கலைந்த பிறகு, சைக்கிளில் பழைய இரும்பு வாங்கித் திரியும் பையன் ஒருவன் நம்மிடம் வந்தான். "அந்தக் குறி எப்படியிருக்கும், அண்ணே?" என்று கேட்டான். கூட்டத்து நோட்டீசின் பின்புறத்தில் இரண்டு குறிகளையும் வரைந்து கொடுத்தோம். பெரியவரும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.