ஆறாத கால் புண்

உள் கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு புண்; சுற்றிலும் தோல் கறுத்திருக்கிறது; மாலையானால் கால் வீங்குகிறது. இரண்டு வாரமாகியும் ஆறவில்லையா, அம்மா? மஞ்சளும் காப்பிப் பொடியும் அப்பிக் காலம் கடத்தாதீர்கள்.

அநேகமாக, காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய்களின் வால்வுகள் தளர்ந்து, ரத்தம் கீழே தேங்குவதுதான் காரணம். ஆகவே களிம்பு மட்டும் போதாது. பாதத்திலிருந்து முழங்கால் வரை அழுத்தமான கட்டும் வேண்டும்.

ஆனால் நீங்களாகவே இறுக்கிக் கட்டிவிடாதீர்கள்! காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் அடைத்திருந்தால், அந்தக் கட்டே காலுக்கு ஆபத்து. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டு, டாக்டர் முடிவு செய்வார்.

சர்க்கரை வியாதி இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. புண் ஆறிய பிறகும் டாக்டர் சொல்லும் அழுத்தக் காலுறையை விடாதீர்கள். விட்டால் புண் திரும்பி வரும்.