கையுறை அணிந்த மூன்றாம் எண்



மதரஸா ஆசிரியனுக்குக் கால்பந்துடன் என்ன தொடர்பு என்று வியக்காதீர்கள். அஸர் தொழுகை முடிந்ததும் பந்தைத் தேடி ஓடும் பிள்ளைகளை நாள்தோறும் காண்பவன் நான். மஃரிபுக்குப் பாங்கு சொன்ன பிறகும் ஆடினால் கண்டிப்பேன்; ஆடுவதையே கண்டிப்பதில்லை.

ஆப்பிரிக்காவின் கிழக்கே, மொசாம்பிக்குக்கும் மடகாஸ்கருக்கும் இடையில் கொமொரோஸ் என்றொரு தீவு நாடு உண்டு. அரபியில் ஜுஸுருல் கமர், அதாவது நிலவின் தீவுகள். ஏறத்தாழ எட்டரை லட்சம் மக்கள். அநேகமாக அனைவரும் முஸ்லிம்கள். நம் காயல்பட்டினம், கீழக்கரையைப் போன்றே ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர். 1975இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றபோது நான்காவது தீவான மயோட் பிரான்சுடனேயே தங்கிவிட்டது. ஆயினும் கொடியில் பிறையோடு நான்கு நட்சத்திரங்கள் இன்றும் உள்ளன.

பிழைப்புத் தேடிப் பிரான்சுக்குச் சென்ற கொமொரோஸ் மக்கள் ஏராளம். மார்செய் நகரில் மட்டும் பல்லாயிரம் பேர். அங்கே பிறந்த பிள்ளைகள் பலர் தம் பெற்றோரின் நாட்டுக்காக ஆட முன்வந்தனர். 2005இல்தான் உலகக் கால்பந்துச் சம்மேளனத்தில் சேர்ந்த இந்நாடு, 2021 மார்ச்சில் டோகோவுடன் சமநிலை கண்டு, முதன்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

போட்டி 2022 ஜனவரியில் கேமரூனில் நடந்தது. முதல் இரு ஆட்டங்களிலும் தோல்வி. மூன்றாவது, நான்கு முறை கோப்பை வென்ற கானாவுடன். 3-2 என்று கொமொரோஸ் வென்றது! அந்த வெற்றியால் அடுத்த சுற்றுக்கும் சென்றது.

சோதனை அங்கேதான் காத்திருந்தது. அணியின் கோல்கீப்பர்கள் மூவர். பென் போய்னாவுக்குக் கானாவுடனான ஆட்டத்தில் தோளில் காயம். மற்ற இருவருக்கும் கொரோனா தொற்று. அவர்களில் ஒருவருக்குத் தொற்று நீங்கியதாகச் சோதனை காட்டிய பின்பும், விதியைக் காட்டி அனுமதி மறுத்தனர். எதிரணியோ போட்டியை நடத்தும் கேமரூன். விதி விதிதான்; எனினும் என் மனம் அதை இன்றளவும் ஏற்கவில்லை.

ஜனவரி 24 அன்று, இடதுபுறப் பின்கள ஆட்டக்காரர் சாக்கர் அல்ஹதூர் கையுறை அணிந்து கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றார். கோல்கீப்பர் சட்டையின் முதுகில் 3 என்னும் அவரது எண்ணை நாடாவால் ஒட்டியிருந்தனர். ஏழாம் நிமிடத்தில் அணித்தலைவர் நஜீம் அப்து சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பத்துப் பேர், கோல்கீப்பரும் இல்லை! பத்து கோல் விழும் என்று அஞ்சியவர்கள் இருந்திருப்பார்கள். விழுந்தவை இரண்டே. அல்ஹதூர் பாய்ந்து பாய்ந்து தடுத்தார். 81ஆம் நிமிடத்தில் யூசுப் ம்சங்காமா வெகுதொலைவிலிருந்து உதைத்த ஃப்ரீ கிக் வலைக்குள் புகுந்தது. 2-1. தோற்றவர்களுக்காக ஆப்பிரிக்காவெங்கும் கைதட்டினர்.

அவ்விரவை மகிழ்ச்சியோடு மட்டும் நினைக்க இயலவில்லை. யாவுண்டேயில் அதே மைதானத்தின் வாயிலில், நெரிசலில் சிக்கி எட்டுப் பேர் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கப் புறப்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை.

அடுத்த கோப்பைக்குக் கொமொரோஸ் தகுதி பெறவில்லை. மறந்துவிடுவார்கள் என்றிருந்தேன். ஆனால் 2024 அக்டோபரில் துனீசியாவை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என்று வீழ்த்தித் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 2025 டிசம்பர் 21 அன்று ரபாத்தில், போட்டியை நடத்திய மொரோக்கோவுடன் தொடக்க ஆட்டம். தோல்விதான், 2-0. ஆனால் இம்முறை கம்பங்களுக்கு நடுவே உரிய கோல்கீப்பரே நின்றார். முதல் பாதியில் மொரோக்கோவுக்குக் கிடைத்த பெனால்டியைத் தடுத்தும் விட்டார்.