பால் மறக்கும் நாள் வேறு, விற்கும் நாள் வேறு
வீராம்பட்டினம் – அரியாங்குப்பம் வட்டாரச் சிறு பன்றி வளர்ப்போரின் நிலைப்பாடு

தாயிடமிருந்து பிரித்த அன்றே குட்டிகளைச் சாக்கில் போட்டு வண்டியேற்றும் வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. பிரித்த பிறகு 14 நாளாவது பிறந்த கொட்டிலில் வைத்திருந்துதான் விற்க வேண்டும்.

காரணம் குட்டியின் வயிற்றில் இருக்கிறது. பாலோடு வந்துகொண்டிருந்த நோய் எதிர்ப்புப் பொருள் அன்றோடு நின்றுவிடுகிறது. சொந்த எதிர்ப்புச் சக்தி இன்னும் முழுதாக வரவில்லை. ஓரிரு நாள் இரை எடுக்காமல் கிடந்தாலே குடலின் உறிஞ்சும் திறன் குறைந்துவிடும். பிறகு பசி தாங்காமல் ஒரேயடியாகத் தின்னும். செரிக்காமல் கிடக்கும் தீவனத்தில் ஈ.கோலை கிருமி பெருகி, தண்ணீராகக் கழியத் தொடங்கும். பயணம், புது இடம், வேறு ஈற்றுக் குட்டிகளோடு சண்டை எல்லாம் இதோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நோய்க்குட்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்பார் வாங்கியவர். இங்கே நன்றாகத்தான் இருந்தது என்பார் விற்றவர். இருவரும் பொய் சொல்லவில்லை.

கைக்குக் காசு உடனே வேண்டும் என்பது நியாயமான கவலை. ஆனால் குட்டிகள் தங்குவதால் தாய்ப்பன்றி அடுத்த சினைக்கு வருவது தள்ளிப்போகாது. பிரித்த ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் பருவத்துக்கு வந்துவிடும். கூடுதல் செலவு தீவனம்தான். தினம் அரைக் கிலோ என்றாலும் குட்டிக்கு 7 கிலோ. அதை விலையில் சேர்த்துக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

பிறந்து 28 நாளுக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி. தனிக் கொட்டில் வசதி இருந்தால் 21 நாள் வரை விலக்கு உண்டு. சூடேற்றிய அறையும் பால்பொடி கலந்த தீவனமும் இல்லாத நம் கொட்டில்களுக்கு 42 நாள் என்கிறோம். இரண்டாவது வாரத்திலிருந்தே குட்டித்தீவனம் காட்டிப் பழக்க வேண்டும். பிரிக்கும் நாளில் தாயை வெளியே கொண்டுபோங்கள், குட்டிகள் அங்கேயே இருக்கட்டும். விதையடிப்பு, தடுப்பூசி, தீவன மாற்றம் எதுவும் அந்த வாரத்தில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் படுக்குமிடம் காய்ந்திருக்கிறதா என்று இரவில் ஒருமுறை கைவைத்துப் பாருங்கள்.

கடலோரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை. மீன்தூள் குட்டிக்கு நல்ல புரதம்தான். உப்புக் கருவாட்டை இடித்துப் போடுவது வேறு சங்கதி. பால் மறந்த குட்டி குழாயில் தண்ணீர் குடிக்கப் பழகச் சில நாளாகும். அந்த நாள்களில் உப்பு ஏறினால் மூளை பாதித்து, வலிப்பு வந்து சாகும். தாகத்தில் கிடந்த குட்டிக்கு ஒரேயடியாக நிறையத் தண்ணீர் காட்டுவதும் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும்.

கழிச்சல் வருமுன்பே தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதையும் எதிர்க்கிறோம். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் மருந்தை மத்திய அரசு 2019-இல் தடைசெய்தது. மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் நிறுத்தியது. கொட்டில் பராமரிப்பில் விட்டதைப் பொட்டலத்தில் பிடிக்கப் பார்ப்பது நமக்கும் கட்டுப்படியாகாது.

கழிச்சல் கண்ட குட்டிக்கு எந்த மருந்து கேட்கும் என்று சாணத்தைச் சோதித்துச் சொல்லும் வசதியைச் சிறு பண்ணைகளுக்கும் எட்டும்படி செய்யுமாறு கால்நடைத் துறையையும் குரும்பாப்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரியையும் கேட்டுக்கொள்கிறோம். மாதிரியைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதற்கான கட்டணமும் எங்கள் பொறுப்பு.